சாவி தொங்குகிறது, அறை இல்லை

அந்த மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ். வீதியின் பெயர் வேண்டாம். மே மாதம், மாலை நான்கு மணி இருக்கும். மேஜை மேல் சின்னதாக ஒரு நடராஜர், காலடியில் காலையில் வைத்து வாடிப்போன மல்லிகை, பக்கத்தில் ஊதுபத்திச் சாம்பல். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் வரவில்லை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிங்கிள் ரூம் ஒண்ணு வேணும்" என்றேன்.

அவர் இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவை அனுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் ஓர் ஆண் வருவான் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. வாசல் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் பெண் நாய்.

"கூட வந்தவரு?"

"யாரும் வரல. நான் மட்டுந்தான்."

பேனா மூடியைக் கழற்றியிருந்தவர் திரும்பவும் மூடினார்.

"ரூம் இல்லீங்களே."

அவர் முதுகுக்குப் பின்னால் மரப்பலகையில் சாவிகள் தொங்கின. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் எண் அடித்த பித்தளை வில்லையோடு. மின்விசிறிக் காற்று எனக்குத்தான் வரவில்லை, அந்தச் சாவிகளுக்கு நன்றாகவே வந்தது. லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"அதெல்லாம் என்ன?" என்று கையைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ இன்றைக்குத்தான் அந்தப் பலகையை யாரோ மாட்டிவிட்டுப் போனது போல ஒரு பார்வை.

"அதெல்லாம் புக் ஆயிருச்சுங்க."

அரைப் பக்கம்

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பூகோள டீச்சராகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சென்னையில் ஒரு பெண்கள் பள்ளி, சுவரில் வரைபடம், கையில் பிரம்பு. நடுவில் சில வருடங்கள் பயணக் கட்டுரையும் எழுதினேன். ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் கொடுத்தார்கள். இந்தப் பத்திரிகை இல்லை. இதுவாக இருந்தால் இந்த அத்தியாயத்துக்கு நான் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.

அரைப் பக்கம் கொடுத்த பத்திரிகையின் ஆசிரியர் சொன்ன விதிமுறை சுலபமானது.

"எப்படிப் போகணும், எங்க தங்கணும், என்ன சாப்பிடணும், என்ன பாக்கணும். அவ்வளவுதான் மேடம். படிக்க ஜாலியா இருக்கணும். குறை சொல்றதுக்கு வேற பக்கம் இருக்கு."

நானும் ஜாலியாகத்தான் எழுதினேன். நம் நாட்டில் பயணம் போகிறவர் வெயிலோடு மல்லுக்கட்டக் கூடாது. அது எழுவதற்கு முன் எழுந்துவிட வேண்டும், அது உச்சிக்கு வரும்போது படுத்துவிட வேண்டும் என்று எழுதினேன். பருத்தித் துணி, குடை, உப்புப் போட்ட மோர். கோயிலுக்குப் போகிறவர் பையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும், செருப்பைக் கழற்றிய பிறகு கருங்கல் தளம் உங்களை நாட்டியம் ஆடவைத்துவிடும். சிதம்பரம் கோயில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று சாமியைத் திட்டாதீர்கள். இப்படியெல்லாம்.

கோடை விடுமுறை இதழுக்குக் கடலூர், சிதம்பரம், பிச்சாவரம் என்று இரண்டு நாள் சுற்றுலா எழுத வேண்டும் என்றதும், "அது என் ஊரு சார், நானே போறேன்" என்று கையைத் தூக்கினேன்.

சொந்த ஊருக்குப் போகிறவளுக்கு லாட்ஜ் எதற்கு என்று கேட்பீர்கள். அப்பா கடலூர் முதுநகர் ஜங்ஷனில் ரயில்வே ஊழியர். நாங்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். அவர் ஓய்வு பெற்றார், மாதா படத்தைக் கழற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊர் உண்டு, வீடு கிடையாது. ரயில்வே பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள், பாதிப் பேர் கதை இதுதான்.

பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

கொஞ்சம் கோபத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுகிறேன்.

சுற்றுலாப் பயணிகளுக்கான புத்தகம் எதை எடுத்தாலும் பாண்டிச்சேரிக்குப் பல பக்கம், சிதம்பரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், நடுவில் கடலூருக்கு ஒரே ஒரு வரி. பேருந்து மாறலாம், பார்க்க ஒன்றுமில்லை. எழுதின புண்ணியவான் பஸ்ஸை விட்டு இறங்கியே இருக்க மாட்டார்.

இறங்கியிருந்தாலும் தப்பான கடலூரில்தான் இறங்கியிருப்பார். எங்களுக்கு இரண்டு கடலூர். ஓ.டி. என்றால் பழைய ஊர், அதாவது முதுநகர், துறைமுகம், ஜங்ஷன். என்.டி. என்றால் புது ஊர், பஸ் நிலையம், கலெக்டர் ஆபீஸ். கண்டக்டர் "ஓட்டி, ஓட்டி" என்று கத்தும்போது எதை ஓட்டச் சொல்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள்.

நான் சொல்லும் அந்த வருடங்களில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. மீட்டர் கேஜைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போடுகிறோம் என்று கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ரயிலையே நிறுத்திவிட்டார்கள். வருடக்கணக்கில் தண்டவாளம் கிடையாது, வெறும் ஜல்லி. புத்தகங்கள் மட்டும் "ரயிலில் செல்வது சுகமானது" என்று சொல்லிக்கொண்டே இருந்தன. அந்தப் பயணத்தில் முதுநகர் ஜங்ஷனில் முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தையும் ஜல்லியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டேன். பாவம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

"பயணத்துக்கு உகந்த காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை." இதைப் படித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அப்படியானால் பலாப்பழத்தை யார் பார்ப்பது? மே, ஜூனில் பண்ருட்டி தாண்டிக் காடாம்புலியூர் பக்கம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ரோட்டோரம் பழங்கள் மலையாகக் குவிந்திருக்கும். வாசனை ஜன்னல் வழியாக ஏறி, இறங்கும் வரை கூடவே வரும். முழுப் பழம் வாங்கித் தலையில் சுமக்காதீர்கள், சுளையாகக் கேளுங்கள். சாப்பிடும் முன் விரலில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. வியர்க்கும்தான். வியர்க்காமல் பலாப்பழம் தின்ற மனிதன் உண்டா?

இவ்வளவு சொல்லும்போது அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தப்பான கடலூரில் இறங்கியவர்களை அப்பா குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்துவிடுவார். ஒரு முறை ஒரு பெண் தனியாக வந்தாள், கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது. எங்கள் வீடு ஒன்றரை அறை. அம்மா பாயை உதறிப் போட்டு, "சாப்ட்டு படும்மா, காலையில பாத்துக்கலாம்" என்றாள். யாரோடு வந்தாய், ஏன் வந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால்தான் அந்த லாட்ஜ் வாசலில் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஒரு சாவி இறங்கியது

நான் மேஜையைவிட்டு நகரவில்லை. அப்போதுதான் ஒரு பெண் லாட்ஜுக்குள் வந்தாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டுக்காரி. மே மாத வெயிலில் மூக்குத் தோல் உரிந்து நண்டு மாதிரி சிவந்திருந்தாள். முதுகில் ஆள் உயரப் பை. அவளும் தனியாகத்தான் வந்தாள். நான் எட்டிப் பார்த்தேன், அந்தப் பெண் நாயைத் தவிர வேறு யாரும் இல்லை.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "வெல்கம், வெல்கம்." ஒரு சாவி பலகையிலிருந்து இறங்கியது. ஒரு பையன் ஓடிவந்து பையை வாங்கினான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாடி ஏறினாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? அவளுக்குக் கிடைத்தது நியாயம்தான்.

"அந்தப் பொண்ணு தனியாத்தான வந்துச்சு?" என்றேன்.

"அவுங்க ஃபாரினர் மேடம். டூரிஸ்ட்டு."

"நானும் டூரிஸ்ட்டுதான்."

அவர் உண்மையாகவே சிரித்துவிட்டார். "நீங்க எப்புடிங்க டூரிஸ்ட்டு ஆவீங்க? நீங்க நம்மூரு பொம்பள."

"நம்மூரு பொம்பளன்னா ரூம் கெடையாதா?"

குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பக்கத்துத் தெருவுல ஒரு பொம்பள தனியா ரூம் எடுத்து மருந்து குடிச்சிருச்சு. போலீசு, கேசுன்னு அந்த ஓனரு அலையா அலைஞ்சாரு."

"ஆம்பளைங்க யாரும் லாட்ஜுல மருந்து குடிக்கிறதில்லயா?"

"குடிக்கிறாங்க."

"அவுங்களுக்கு ரூம் குடுக்குறீங்கள்ல?"

"அது வேறங்க."

அது வேற. இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் சொல்லி முடித்துவிடலாம். பதில் இல்லாத இடத்தில் போட ஒரு தாழ்ப்பாள் அது.

திடீர்த் தம்பி

வெளியே வந்து ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் பாஸ்கர். முப்பது வயதுப் பையன், நல்ல மாதிரி. விஷயத்தைச் சொன்னதும், "சிதம்பரத்துல லாட்ஜுக்கா பஞ்சம்? நா கூட்டிட்டுப் போறேங்க்கா" என்றார்.

அடுத்த லாட்ஜிலும் அதே பார்வை, தோளுக்கு மேலாக. ஆனால் இவர் சற்று நாகரிகமானவர்.

"உங்க வீட்டுக்காரரு நம்பர் குடுங்க மேடம். ஒரு வார்த்த கேட்டுக்குறோம்."

"வீட்டுக்காரரு கெடையாது."

"அண்ணன், தம்பி?"

"கெடையாது."

"அப்பா?"

"கல்லறையில இருக்காரு. நம்பர் வாங்கிட்டு வரல."

நாற்பத்திரண்டு வயது. வருடத்துக்கு இருநூறு பெண் பிள்ளைகளுக்கு உலகத்தில் எந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு ஒரு கட்டில் போட்ட அறை தரலாமா என்று இவர்கள் யாரையாவது கேட்டுக்கொள்ள வேண்டுமாம்.

மூன்றாவது இடத்தில்தான் உச்சம். நான் முன்னால் போக, பாஸ்கர் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அங்கே இருந்தவர் வழக்கம்போல என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இந்த முறை அங்கே ஓர் ஆண் இருந்தான். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"வாங்க சார், வாங்க. தம்பிங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் பாஸ்கர், "ஆமாங்க, அக்காதான்" என்றார்.

சாவி மேஜைக்கு வந்துவிட்டது. ஃபேன் போட்ட ரூமா, ஏசியா என்ற விசாரணை வரை போய்விட்டது.

"இவரு என் தம்பி இல்ல" என்றேன். "ஆட்டோக்காரரு. இப்பத்தான் அரை மணி நேரமாத் தெரியும்."

சாவி திரும்பப் போய்ப் பலகையில் தொங்கியது.

எனக்கு இன்றைக்கும் விளங்காத கணக்கு இது. முன்பின் தெரியாத ஓர் ஆணோடு வந்தால் அறை உண்டு. ஒருவரும் இல்லாமல் நான் மட்டும் கதவைத் தாழிட்டுத் தூங்குகிறேன் என்றால் அறை இல்லை. கேட்டால் எல்லாம் என் பாதுகாப்புக்காகத்தானாம்!

வெளியே வந்ததும் பாஸ்கருக்கு வருத்தம். "ஏன்க்கா, நல்லதுக்குத்தான சொன்னேன்? ஒரு வார்த்த ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"உங்க அக்கா ஒருநாள் தனியா வெளியூர் போயி, ரூம் இல்லன்னு தொரத்துனா என்ன செய்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கக்கா எதுக்குக்கா லாட்ஜுக்குப் போவுது?" என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. என்னைப் பஸ் நிலையத்தில் விடச் சொன்னேன். கட்டுரையும் வேண்டாம், பிச்சாவரமும் வேண்டாம், சென்னைக்கே போய்விடலாம் என்று தோன்றிவிட்டது.

பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவள்

பஸ் நிலையத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்தேன். வறுத்த கடலை, டீசல், மூத்திரம், மல்லிகை எல்லாம் கலந்து வீசும் அந்த மாலை நேரத்து வாடை. பக்கத்தில் துண்டு விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"அக்கா, பையக் கொஞ்சம் பாத்துக்குறீங்களா? பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்."

பஸ் நிலையத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு பெண்தான் லாட்ஜ், லாக்கர், போலீஸ் எல்லாம். சரி என்றேன். அவள் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்தேன். பி.ஏ. வரலாறு, தபால் வழிப் படிப்பு.

திரும்பி வந்ததும் பேச்சுக் கொடுத்தேன். பெயர் கஸ்தூரி. சின்னசேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அங்கன்வாடியில் வேலை. இரண்டு பிள்ளைகள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. அவள் ஊரின் முதல் பஸ்ஸில் கிளம்பினால் பரீட்சை ஆரம்பித்த பிறகுதான் வந்து சேரலாம். அதனால் முதல் நாளே வந்துவிட்டாள்.

"ராத்திரி எங்க தங்குவ?"

"இங்கதாங்க்கா. போன வாட்டியும் இங்கதான் உக்காந்திருந்தேன்."

"லாட்ஜுல கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேங்க்கா. வூட்டுக்காரரோட வாங்கன்னாங்க. அவரும் வந்துட்டா புள்ளைங்கள யாரு பாத்துக்குறது?"

போன முறை இரவெல்லாம் பையைக் கட்டிக்கொண்டு விழித்திருந்தாளாம். பீடிப் புகையோடு ஒருவன் சுற்றிச் சுற்றி வந்தானாம். மறுநாள் பரீட்சைக் கூடத்தில் பாதியில் கண் சொக்கிவிட்டது, எழுந்தபோது நேரம் முடிந்திருந்தது. அந்தப் பேப்பர் போய்விட்டது.

"டிகிரி முடிச்சா சூப்பர்வைசர் வேலைக்கு எழுதிப் போடலாங்க்கா. இந்த வாட்டியும் போச்சுன்னா வூட்டுல போதும், நிறுத்துன்னுட்டாங்க" என்றாள். அழவில்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

நான் எழுதும் அரைப் பக்கத்தில் வரும் சுற்றுலாப் பயணி யார் என்று அப்போதுதான் யோசித்தேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கையில் கேமரா. இல்லாவிட்டால் வெள்ளைக்காரர். இவளைப் போல ஒருத்தி எந்த ஊருக்கும் போகமாட்டாள் என்றே அந்தப் பக்கம் நினைத்துக்கொண்டிருந்தது.

"பையத் தூக்கு" என்றேன்.

"எங்கக்கா?"

"மொத லாட்ஜுக்கு. அவருதான் சிரிச்சாரு. அவரையே போயிப் பாப்போம்."

சத்தமாகப் படித்தாள்

மேனேஜர் இப்போது இரண்டு பேர் தோளுக்கு மேலாகவும் எட்டிப் பார்த்தார்.

"ஜென்ட்ஸ் யாரும் வரலீங்களா?"

"தனியா வந்தா ரூம் இல்லன்னீங்க. இப்ப ரெண்டு பேரு வந்திருக்கோம்."

"ரெண்டு பேரும் லேடீஸா இருக்கீங்களே மேடம்" என்றார், ஏதோ நாங்கள் கவனக்குறைவாக அப்படி வந்துவிட்டது போல.

வரவேற்பில் ஒரு ரெக்சின் சோபா இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். கஸ்தூரியையும் இழுத்து உட்கார வைத்தேன். தலைக்கு மேல் டியூப் லைட் நல்ல வெளிச்சமாக எரிந்தது.

"படி" என்றேன்.

"இங்கயாக்கா? எனக்குச் சத்தமாப் படிச்சாத்தான் ஏறும்."

"சத்தமாவே படி."

முதலில் முனகலாகத்தான் ஆரம்பித்தாள். ஒரு பக்கம் திரும்புவதற்குள் இடத்தை மறந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டு, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் படித்தாள்.

"சோழர் கால ஊராட்சி. குடவோலை முறை. தேர்ந்தெடுக்கப்படுபவருக்குரிய தகுதிகள். ஒன்று, கால் வேலிக்கு மேல் நிலம் இருக்க வேண்டும். இரண்டு, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்..."

கும்பகோணம் போகும் வழியில் இறங்கிய ஒரு குடும்பம் அறை கேட்டு வந்தது. அந்த வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், "என்னங்க, பரீட்சையா?" என்றார். "நாளைக்குங்க. ரூம் இல்லன்னுட்டாங்க" என்றேன். அந்த அம்மாள் பலகையில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். பார்த்ததே போதுமாக இருந்தது.

மேனேஜருக்கு வியர்த்தது. "ஏம்மா, இது லாட்ஜும்மா. லைப்ரரி கெடையாது."

கஸ்தூரி மரியாதையாக எழுந்து நின்றாள். "ரூம் குடுத்தீங்கன்னா உள்ள போயிப் படிச்சிக்குவேன் சார்."

அவளுக்கு நக்கல் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"மூன்று, வயது முப்பதுக்கு மேல் எழுபதுக்குள்..."

"முப்பத்தஞ்சு."

மேனேஜர்தான். தலை நிமிரவில்லை.

"என்னா சார்?"

"முப்பத்தஞ்சுலேருந்து எழுவது. முப்பதுன்னு எழுதிட்டு வந்தா மார்க்கு போயிரும்."

கஸ்தூரி புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். முப்பத்தைந்துதான்.

"உங்களுக்கு எப்புடி சார் தெரியும்?" என்றேன்.

"நானும் எழுதுனவந்தான் மேடம். இந்தப் பேப்பர ரெண்டு வாட்டி எழுதி அரியர். அப்புறம் விட்டுட்டேன்."

"வெளியூர்லேருந்தா வந்து எழுதுனீங்க?"

"ஆமா. அரியலூர் பக்கம்."

"அப்ப ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயா உக்காந்திருந்தீங்க?"

அவர் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. பிறகு எழுந்து ஒரு சாவியை எடுத்து வைத்தார்.

"டபுள் ரூம். ஒரே ஒரு கண்டிஷன். யாரு கேட்டாலும் அக்கா தங்கச்சின்னு சொல்லணும்."

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். கஸ்தூரி என் கையைக் கிள்ளினாள். "சரிங்க சார். அக்காதான்" என்று சாவியை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு மறுநாள் பரீட்சை. எனக்கு என்ன?

ஆக, அன்றைக்கு அந்த அறை எனக்கும் கிடைக்கவில்லை, கஸ்தூரிக்கும் கிடைக்கவில்லை. உலகத்தில் இல்லாத ஓர் அக்கா தங்கைக்குக் கிடைத்தது. அந்தத் தங்கை நன்றாகத் தூங்கினாள், குறட்டைகூட விட்டாள்.

காலையில் அவள் பரீட்சைக்குப் போனாள், நான் பாஸ்கர் ஆட்டோவில் பிச்சாவரம் போனேன். வெயில் ஏறுமுன் போனால் அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும்போது துடுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மரங்கள் குனிந்து தலையைத் தடவும். அழகுதான், மறுக்கவில்லை. மதியம் பரீட்சைக் கூட வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவள் தூரத்திலிருந்தே கத்தினாள்.

"முப்பத்தஞ்சுன்னே எழுதிட்டேங்க்கா!"

எல்லா வசதிகளும்

சென்னைக்கு வந்து கட்டுரையை எழுதினேன். மோர், காலுறை, பலாச்சுளை எல்லாம் இருந்தன. கடைசியில் நான்கு வரி. சிதம்பரத்தில் தனியே வரும் பெண்ணுக்கு நான் கேட்ட விடுதிகள் எதிலும் அறை கிடைக்கவில்லை, போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவும் என்று.

ஆசிரியர் கூப்பிட்டார். "கடைசி நாலு வரி வேண்டாமே மேடம். குறை மாதிரி இருக்கு."

"குறை இல்ல சார், தகவல். ரயில் ஓடலன்னு எழுதியிருக்கேன், அத வச்சிருக்கீங்க. ரூம் கிடைக்காதுன்னா மட்டும் குறையா?"

"ரயில் இல்லன்னா எல்லாருக்கும் இல்ல. இது வந்து..." கொஞ்சம் தயங்கினார். "அது வேற மேடம்."

மேஜை மாறினாலும் தாழ்ப்பாள் மாறவில்லை. அரை மணி நேரம் சண்டை போட்டேன். பார்க்கலாம் என்றார். இதழ் வந்தபோது பார்த்தேன். என் நான்கு வரி இருந்த இடத்தில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. "தங்குவதற்கு எல்லா வசதிகளும் கொண்ட நல்ல விடுதிகள் இங்கு உள்ளன." அதற்குக் கீழே தடித்த எழுத்தில் என் பெயர். அன்றோடு அந்த அரைப் பக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு போன் வந்தது.

"அக்கா, நா கஸ்தூரி. பாஸாயிட்டேங்க்கா! குடவோலைதான் காப்பாத்துச்சு."

நான் கத்திய கத்தலில் ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். பிள்ளைகள், மழை, அங்கன்வாடி. பிறகு சொன்னாள்.

"நீங்க எழுதுனதயும் படிச்சேங்க்கா. பஞ்சாயத்து ஆபீசுல அந்தப் புக்கு கெடந்துச்சு. ஒங்க பேரப் பாத்துட்டு எல்லார்ட்டயும் காட்டுனேன். எங்கக்கான்னு சொன்னேன்."

"சரி கஸ்தூரி, அதுல..."

"டிசம்பர்ல இன்னும் ரெண்டு பேப்பர் இருக்குக்கா. ஒங்கள மாதிரி எனக்குச் சண்ட போட வராது. வசதியா, நல்லா தங்குற லாட்ஜு இருக்குன்னு நீங்க போட்டிருக்கீங்கள்ல, அன்னிக்கி நாம அதப் பாக்காமப் போயிட்டமே."

போனுக்குள் அவள் எதையோ தேடும் சத்தம் கேட்டது. பேனாவாகத்தான் இருக்க வேண்டும்.

"அது எந்த லாட்ஜுக்கா? பேரச் சொல்லுங்க, எழுதிக்குறேன்."